கருக்குழாயில் ஸ்டிக்: கண்காணிப்பு, மறு அறுவை, கீமோதெரபி ஆகியவற்றுள் எதைத் தேர்வது?

புற்றுநோய் வராமல் தடுக்கும் நோக்கத்தோடு சூலகங்களையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொள்ளும் பெண்களுள் பெரும்பாலோருக்குத் திசு ஆய்வு அறிக்கை நிம்மதியைத்தான் கொண்டுவருகிறது. மார்பக, சூலகப் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பிறழ்வு உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரையிலானோருக்கு மட்டும், மருத்துவர்கள் சுருக்கமாக ‘ஸ்டிக்’ (STIC, serous tubal intraepithelial carcinoma) என்று அழைக்கும் ஒரு மாற்றம் கருக்குழாயின் உட்படலத்தில் காணப்பட்டதாக அதில் எழுதியிருக்கும். அது ஊடுருவிப் பரவும் புற்றுநோய் அன்று. ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடத் தக்கதும் அன்று. இனி என்ன செய்வது என்று கேட்டால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டால் போதும் என்று ஒரு மருத்துவர் சொல்கிறார். வயிற்றுக்குள் இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்று மற்றொருவர் சொல்கிறார். வேறொருவர் கீமோதெரபியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். மூவருமே தேர்ந்த மருத்துவர்களாக இருக்கக்கூடும் என்பதுதான் நோயாளியின் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது.

இந்த வேறுபாடு எவருடைய அலட்சியத்தாலும் வந்ததன்று. ஊடுருவும் புற்றுநோய் உடனில்லாத தனித்த ஸ்டிக் மிக அரிதாகவே கிடைப்பதால், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு வழியை இன்னொரு வழியோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு மருத்துவமனையும் சிறிய தொகுப்புகளையும், பழைய பதிவேடுகளையும், தன் சொந்த அனுபவத்தையும் நம்பியே முடிவெடுக்கிறது. எந்த வழி சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், நம் கையில் இருக்கும் அறிக்கை எவ்வளவு முழுமையானது என்று கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இந்த வரிசை தலைகீழானால், தேவையற்ற சிகிச்சைக்கும் போதாத சிகிச்சைக்கும் ஒரே அளவில் வழி திறந்துவிடும்.

## ஸ்டிக் என்பது எது, எது அன்று

சூலகப் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவதும் மிகுதியான உயிர்களைப் பறிப்பதும் உயர்தர (அதாவது, வேகமாக வளரும்) சீரஸ் வகையாகும். அது சூலகத்தின் மேற்பரப்பிலேயே பிறக்கிறது என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. 2001-இல், மரபுவழி ஆபத்து உள்ள பெண்களிடமிருந்து அகற்றப்பட்ட கருக்குழாய்களில் புற்றுநோயை ஒத்த தொடக்கநிலை மாற்றங்கள் இருப்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டிய பிறகு, பார்வை கருக்குழாயின் பக்கம் திரும்பியது. குறிப்பாக, சூலகத்தை ஒட்டி விரல்களைப் போலப் பிரிந்திருக்கும் அதன் ஓரப்பகுதியில்தான் இம்மாற்றங்கள் பெரும்பாலும் தொடங்குகின்றன.

இதில் படிகள் உண்டு. பி53 என்னும் புரதம் அசாதாரணமாகத் தென்படும் உயிரணுக்கள் வரிசையாக அமைந்திருந்து, வடிவத்தில் பெரிய மாறுதல் இல்லாமல் இருந்தால், அது பி53 தடயம் மட்டுமே. மரபணுப் பிறழ்வு இல்லாத பெண்களிடமும் அது ஏறத்தாழ அதே அளவில் காணப்படுகிறது. அதற்குச் சிகிச்சை தேவையில்லை. அதற்கும் ஸ்டிக்குக்கும் இடைப்பட்ட மாற்றங்களும் உள்ளன. உயிரணுக்களின் வடிவம் தெளிவாகக் குலைந்து, பி53 அசாதாரணமாகவும், உயிரணுப் பெருக்கத்தைக் காட்டும் கே.ஐ.-67 குறியீடு உயர்ந்தும் இருந்தால்தான் அதற்கு ஸ்டிக் என்ற பெயர் பொருந்தும். கட்டிகளின் மரபணு மாற்றங்களைக் கணக்கிட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, ஸ்டிக் தோன்றுவதற்கும் சூலகத்தில் புற்றுநோய் உருவாவதற்கும் இடையே சராசரியாக ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டது.

## முடிவுக்கு முன் பார்க்க வேண்டிய அளவுகோல்கள்

முதலாவதாக நோயறிதலின் உறுதி. உருவத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லும்போது நோயியல் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடுவது நன்கு அறியப்பட்ட ஒன்று. பி53, கே.ஐ.-67 சாயச் சோதனைகள் இல்லாமல் ஸ்டிக் என்று எழுதப்பட்டிருந்தால், திசு வைக்கப்பட்ட அந்தக் கண்ணாடிச் சில்லுகளை மகளிர் நோயியலில் தேர்ந்த இன்னொருவரிடம் காட்டாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. இந்த மறுபார்வைக்கு ஆகும் சில நாள்கள் நோயின் போக்கை மாற்றுவதில்லை; ஆனால் சிகிச்சையின் போக்கையே மாற்றிவிடக்கூடும். வேறொரு சிக்கலும் உண்டு. கருப்பையின் உட்படலத்தில் பிறந்த சீரஸ் புற்றுநோய் கருக்குழாய்க்குப் பரவி, அங்கே ஸ்டிக்கைப் போலவே தோற்றம் காட்டுவதுண்டு. ஆதலால் கருப்பை இன்னும் உடலில் இருந்தால், அதன் உட்படலத்தையும் ஒரு முறை ஆராய வேண்டுமா என்று கேட்பது நியாயமானது.

இரண்டாவதாக ஆய்வின் முழுமை. குழாயின் ஓரப்பகுதியை நீளவாக்கிலும், மீதியை 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்குவாட்டிலும் நறுக்கி, முழுவதையும் நுண்ணோக்கியில் பார்க்கும் முறை ஒன்று உள்ளது. ஆபத்துக் குறைப்புக்காக அகற்றப்பட்ட உறுப்புகளுக்கு இதுவே பின்பற்ற வேண்டிய முறையாகும். வேறு காரணத்துக்காக அகற்றப்பட்ட குழாயில் இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட துண்டு ஒன்றில் ஸ்டிக் தென்பட்டால், பக்கத்துத் துண்டில் ஊடுருவும் புற்றுநோய் இல்லை என்று எவரும் உறுதி கூற முடியாது. மிச்சமுள்ள திசு முழுவதையும், சூலகங்கள் எடுக்கப்பட்டிருந்தால் அவற்றையும் சேர்த்து, நறுக்கிப் பார்க்கச் சொல்வதே முதல் வேலை.

மூன்றாவது, அறுவையின்போது வயிற்றுக்குள் உப்புநீர் விட்டு எடுத்த கழுவல் நீர். அதில் புற்று உயிரணுக்கள் இருந்தனவா, அல்லது கழுவல் எடுக்கப்படவே இல்லையா என்பது எல்லாக் கணக்கையும் மாற்றும். நான்காவது மரபணு நிலை. பி.ஆர்.சி.ஏ.1 பிறழ்வு உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 44 சதவீதம், பி.ஆர்.சி.ஏ.2 உள்ளவருக்குச் சுமார் 17 சதவீதம். பொதுவாக எல்லாப் பெண்களுக்கும் வாழ்நாள் முழுவதற்கும் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். மரபணுச் சோதனை செய்துகொள்ளாத ஒருவருக்குத் தற்செயலாக ஸ்டிக் தென்பட்டால், அதுவே சோதனைக்குப் போதுமான காரணம். அதன் விடை அவருடைய மார்பகக் கண்காணிப்பையும், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரின் முடிவுகளையும் தொடும்.

இவற்றோடு வயது, மாதவிடாய் நின்றுவிட்டதா என்பது, மற்ற நோய்கள், நீண்ட காலம் தொடர்ந்து பரிசோதனைக்கு வர இயலுமா என்பது ஆகியவையும் சேர்கின்றன.

## எண்கள் சொல்வது

இவ்வளவையும் எடைபோடுவதற்கு நமக்குக் கிடைக்கும் மிக வலுவான ஆதாரம், பல மையங்களின் நோயாளித் தரவுகளை ஒன்றுதிரட்டி 2022-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு. பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு உள்ளவர்களாகவும் தடுப்பு அறுவை செய்துகொண்டவர்களாகவும் இருந்த 3,121 பெண்களுள் 115 பேருக்கு ஸ்டிக் இருந்தது. அவர்களுக்குப் பின்னாளில் வயிற்று உட்சவ்வில் புற்றுநோய் பரவும் வாய்ப்பு 5 ஆண்டுகளில் 10.5 சதவீதமாகவும் 10 ஆண்டுகளில் 27.5 சதவீதமாகவும் மதிப்பிடப்பட்டது. ஸ்டிக் இல்லாதவர்களுக்கு அது முறையே 0.3, 0.9 சதவீதம் மட்டுமே.

இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 27.5 என்பதைச் சுற்றியுள்ள நிச்சயமின்மை பெரிது: உண்மையான அளவு ஏறக்குறைய 16-க்கும் 44-க்கும் இடையே எங்கும் இருக்கலாம், ஏனெனில் பத்து ஆண்டுகள் வரை பின்தொடரப்பட்டவர்கள் சிலரே. மற்றொன்று, அந்த ஆபத்தின் பெரும்பகுதி ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகே வருகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டும் பின்தொடர்ந்துவிட்டு ‘எவருக்கும் நோய் திரும்பவில்லை’ என்று கூறும் சிறு தொகுப்புகளை நம்பி எடுத்த முடிவுகளை நான் ஐயத்தோடு பார்ப்பதற்கு இதுவே காரணம்.

உறுப்பை எடுத்த பிறகும் ஏன் பரவுகிறது? குழாயின் ஓரம் வயிற்றறைக்குள் திறந்திருப்பதால், ஸ்டிக்கின் உயிரணுக்கள் அகற்றப்படுவதற்கு முன்பே உதிர்ந்து உட்சவ்வில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அதாவது, நாம் தேடுவது அகற்றிய உறுப்பில் அன்று, மீந்திருக்கும் இடத்தில்.

## முதல் வழி: கண்காணிப்பு மட்டும்

வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும், சூலகப் புற்றுநோயில் உயரக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சி.ஏ.-125 இரத்தச் சோதனையும், தேவைக்கேற்ப ஸ்கேனும் செய்வதை இது குறிக்கும். இடைவெளியும் சோதனைகளும் மையத்துக்கு மையம் மாறுகின்றன. இன்னொரு மயக்கமருந்து இல்லை, தழும்பு இல்லை, வேலையும் குடும்பமும் குலைவதில்லை என்பவை இதன் வெளிப்படையான நன்மைகள். பத்தில் ஏழு பேருக்கு மேல் பத்தாண்டு வரை நோயின்றி இருப்பார்கள் என்னும்போது, அவர்கள் அனைவரையும் அறுவைக்கு உட்படுத்தாமல் விடுவதில் நியாயமும் இருக்கிறது.

இதன் மறைவான விலை, அது தரும் பாதுகாப்புணர்வு உண்மையான பாதுகாப்பைவிடப் பெரிதாக இருப்பதே. உட்சவ்வில் சில மில்லிமீட்டர் அளவே உள்ள திட்டுகளை சி.டி. ஸ்கேன் எளிதில் தவறவிடும். சி.ஏ.-125 உயரும் நேரத்தில் நோய் ஏற்கெனவே பரவியிருக்கலாம். பொதுமக்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் பிரிட்டனில் நடந்த சோதனையில், இந்த இரத்தச் சோதனையும் ஸ்கேனும் உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று 2021-இல் தெரியவந்தது. அவர்கள் ஸ்டிக் உள்ளவர்கள் அல்லர் என்பது மெய்யே. ஆயினும் கருவிகள் அதே கருவிகள்தாம். சூலகம் உள்ள இளம் பெண்ணிடம் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலத்தை ஒத்த திசு வெளியே வளர்தல்), மாதவிடாய், கருப்பைக் கட்டிகள் ஆகியவற்றாலும் சி.ஏ.-125 உயர்ந்து, பொய்யான அச்சத்தையும் மேலும் சோதனைகளையும் கொண்டுவரும். ஒவ்வொரு ஆறு மாதமும் முடிவு வரும்வரை மனம் படும் பாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நோயறிதல் மறுபார்வையில் உறுதியாகி, திசு முழுவதும் நறுக்கிப் பார்க்கப்பட்டு, கழுவல் நீர் தூய்மையாக இருந்து, முதல் அறுவையிலேயே வயிற்று உட்பகுதி முழுவதும் கவனமாகப் பார்க்கப்பட்டு அது குறிப்பிலும் எழுதப்பட்டிருந்தால், கண்காணிப்பு வலுவான தேர்வாகும். வேறு நோய்களால் மயக்கமருந்தே ஆபத்தானவருக்கும் இதுவே பொருந்தும்.

## இரண்டாம் வழி: நிலையறியும் மறு அறுவை

உட்சவ்வின் பல இடங்களிலிருந்து சிறு திசுக்களும், வயிற்றுக்குள் திரைபோல் தொங்கும் கொழுப்பு மடிப்பான ஓமென்டமும், புதிய கழுவல் நீரும் எடுக்கப்பட்டு ஆராயப்படுகின்றன. பெரும்பாலும் சிறு துளைகள் மூலம் செய்யும் லேப்ராஸ்கோப்பி வழியாகவே இதைச் செய்ய முடியும். இதன் நோக்கம் குணப்படுத்துவதன்று, கேள்விக்கு விடை காண்பது: மறைந்திருக்கும் புற்றுநோய் இப்போதே உண்டா, இல்லையா? இதைப் பல நோயாளிகளுக்கு எவரும் தெளிவாகச் சொல்வதில்லை. ‘எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள், இனி வராது’ என்ற எண்ணத்தோடு அவர்கள் வீடு திரும்புவது வருத்தத்துக்குரியது.

பெரும்பாலோரிடம் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. சிறு பகுதியினரிடம் கிடைக்கும்போது, அது சிகிச்சையை முற்றிலும் மாற்றுகிறது: அவர்கள் இனி ஸ்டிக் நோயாளிகள் அல்லர், புற்றுநோய்க்குரிய முழுச் சிகிச்சை அவர்களுக்கு உரிய காலத்தில் கிடைக்கிறது. ஒன்றும் கிடைக்காதவர்களுக்கும் அந்த விடைக்கு மதிப்பு உண்டு. கீமோதெரபி வேண்டாம் என்று துணிந்து சொல்வதற்கு அது அடிப்படையாகிறது. ஆயினும், கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் அகப்படாத சில உயிரணுக்கள் எங்கோ தங்கியிருக்கும் வாய்ப்பு அதோடு நீங்கிவிடாது என்பதால், கண்காணிப்பு தொடர்ந்தே ஆக வேண்டும்.

அறுவையின் அளவில்தான் மருத்துவர்களுக்கிடையே மிகுந்த வேறுபாடு தெரிகிறது. நிணநீர்க் கணுக்களை அகற்றுவதை நான் ஏற்பதில்லை. தனித்த ஸ்டிக்கில் கணுக்களுக்குப் பரவியிருப்பது மிக மிக அரிது. ஆனால் அவற்றை எடுத்தால் கால்களில் நீர்கோத்து வீங்கும் நிலை வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். கருப்பையை எடுப்பது பற்றி அவ்வளவு திடமாகச் சொல்ல முடியாது. பி.ஆர்.சி.ஏ.1 உள்ளவர்களிடம் கருப்பையின் சீரஸ் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றே கூடுதலாக உள்ளது. அதே வேளையில், முன்பே கருமுட்டைகளையோ கருக்களையோ உறையவைத்துச் சேமித்திருக்கும் பெண்ணுக்குக் கருப்பை இருந்தால்தான் தாய்மை கைகூடும். இந்தக் கேள்வியை அறுவை மேசைக்குப் போகும் முன்பே பேசி முடிவெடுத்து, ஒப்புதல் படிவத்திலும் எழுதிக்கொள்ள வேண்டும்.

மறைவான விலைகள் இன்னும் சில: வயிற்றுக்குள் ஒட்டுதல்கள் ஏற்பட்டுப் பின்னாளில் குடல் அடைப்போ வலியோ வரலாம், குடலோ சிறுநீர்க்குழாயோ காயப்படும் சிறு ஆபத்து உண்டு, ஓய்வுக்கு விடுப்பும் வீட்டில் உதவியும் தேவைப்படும். முதல் அறுவை வேறு காரணத்துக்காகச் செய்யப்பட்டு, வயிறு முழுவதும் பார்க்கப்படாமலும் கழுவல் எடுக்கப்படாமலும் இருந்தால், இந்த விலையைக் கொடுப்பது தகும் என்றே கருதுகிறேன்.

## மூன்றாம் வழி: கீமோதெரபி

கார்போபிளாட்டின், பேக்ளிடாக்சல் ஆகிய இரண்டும் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, வழக்கமாக மூன்று முதல் ஆறு சுற்றுகள் தரப்படுகின்றன. உதிர்ந்த உயிரணுக்கள் எங்கேனும் இருந்தால் அவற்றை முளையிலேயே அழிக்கலாம் என்பது இதன் தர்க்கம், பி.ஆர்.சி.ஏ. சார்ந்த புற்றுநோய்கள் பிளாட்டின மருந்துகளுக்கு நன்கு பணிகின்றன என்பதும் இதற்குச் சாதகமாகக் கூறப்படுகிறது. தர்க்கம் அழகாக இருப்பதாலேயே பயன் உண்டாகிவிடாது. தனித்த ஸ்டிக்கில் கீமோதெரபி பிற்காலப் பரவலைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

இதற்கு எதிராக நிற்பவை உறுதியானவை: முடி உதிர்தல், இரத்த அணுக்கள் குறைந்து தொற்று வருதல், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் கை கால் மரத்துப்போதல், அரிதாகப் பிற்காலத்தில் இரத்தப் புற்றுநோய். இவ்வளவும் முடிந்த பிறகும் கண்காணிப்பு தேவைப்படும்.

ஊடுருவும் புற்றுநோய் கிடைத்துவிட்டால் இந்த விவாதமே இல்லை. அப்போது கீமோதெரபி பொதுவாகச் சிகிச்சையின் பகுதியே. கழுவல் நீரில் மட்டும் புற்று உயிரணுக்கள் தென்பட்டு வேறெங்கும் நோய் காணப்படாத நிலைதான் மிகக் கடினமானது. அங்கே முதலில் நிலையறியும் அறுவை, பிறகு பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில் கீமோதெரபி பற்றிய முடிவு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. எல்லாம் தூய்மையாக உள்ள பெண்ணுக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கீமோதெரபி தருவதை நான் ஆதரிக்கவில்லை. புற்று உயிரணுக்கள் தம் டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்வதைத் தடுக்கும் பார்ப் (PARP) தடுப்பு மருந்துகளைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். தனித்த ஸ்டிக்குக்கு அவை நிறுவப்பட்ட சிகிச்சை அல்ல.

## நிலைக்கேற்ற தேர்வு

| கையில் உள்ள நிலை | என் சாய்வு |
|---|---|
| சாயச் சோதனை இல்லாமல் ஸ்டிக் என்று எழுதிய அறிக்கை | எந்தச் சிகிச்சைக்கும் முன் மறுபார்வை |
| பி53 தடயம் மட்டும் | ஸ்டிக்குக்கான சிகிச்சை எதுவும் வேண்டாம் |
| உறுதியான ஸ்டிக், முழு ஆய்வு, தூய கழுவல், வயிறு முழுதும் பார்க்கப்பட்டது | கண்காணிப்பு. விரும்புவோருக்கு நிலையறியும் அறுவையும் ஏற்கத்தக்கது |
| உறுதியான ஸ்டிக், கழுவல் எடுக்கப்படவில்லை | நிலையறியும் அறுவை, கணுக்களைத் தொடாமல் |
| கழுவலில் புற்று உயிரணுக்கள் | நிலையறியும் அறுவை, பிறகு கீமோதெரபி பற்றிக் கூட்டாக முடிவு |
| ஊடுருவும் புற்றுநோய் | புற்றுநோய்க்குரிய முழுச் சிகிச்சை |

## சூலகங்கள் இன்னும் உடலில் இருந்தால்

கருக்குழாய்களை மட்டும் அகற்றும் அறுவை இப்போது பெருகிவருகிறது. வேறு காரணத்துக்கான அறுவையின்போதே குழாய்களையும் எடுத்துவிடும் வழக்கத்தைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2010 முதல் ஊக்குவித்துவருகிறது. மரபணுப் பிறழ்வு உள்ளவர்களுக்குக் குழாயை முதலிலும் சூலகத்தைப் பின்னரும் எடுத்தால் போதுமா என்பதும் ஆராயப்படுகிறது. இவ்வாறு குழாயை மட்டும் எடுத்த பெண்ணுக்கு ஸ்டிக் தென்பட்டால், சூலகங்களையும் அகற்றுவதே பொதுவான பரிந்துரை. உதிர்ந்த உயிரணுக்களுக்கு மிக அருகில் உள்ள இடம் அதுதான். நிலையறியும் அறுவையும் அதே அமர்வில் முடிந்துவிடும் என்பதால், இத்தகையவர்களிடம் கண்காணிப்பா அறுவையா என்ற கேள்வி பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடுகிறது.

ஆனால் அதன் விலை இளம் பெண்ணுக்குக் கடுமையானது. மாதவிடாய் ஒரே நாளில் நின்று, உடல் வெப்பப் பாய்ச்சலும் தூக்கமின்மையும் தொடங்கும். எலும்புத் தேய்வும் இதயநோய் ஆபத்தும் கூடும். மார்பகப் புற்றுநோய் வந்திராத பெண்ணுக்கு, இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை தருவது பொதுவாக ஏற்கப்படுகிறது. ஸ்டிக் என்ற சொல்லைக் கேட்ட பதற்றத்தில் இந்தப் பேச்சு விடுபட்டுப் போகிறது. அறுவைக்கு முந்தைய சந்திப்பிலேயே இதை எழுப்ப வேண்டும்.

## எவ்வளவு காலம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் கண்காணிப்புக்கான கால வரம்பை மருத்துவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். புற்றுநோய்ப் பிரிவுகள் பலவற்றில் ஐந்து ஆண்டுகள் முடிந்ததும் நோயாளியை விடுவிப்பது வழக்கம். ஸ்டிக்குக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆபத்தின் பெரும்பகுதி வருவதே அதன் பிறகுதான் என்பதால், குறைந்தது பத்து ஆண்டுகளேனும் தொடர வேண்டும். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் பயன்படுமாறு, திசு ஆய்வு அறிக்கை, மறுபார்வை அறிக்கை, கழுவல் நீர் முடிவு, இரு அறுவைகளின் குறிப்புகள், மரபணுச் சோதனை முடிவு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். காரணமின்றி வயிறு உப்புதல், சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுதல், அடிவயிற்றில் நீங்காத வலி ஆகியவை சில வாரங்கள் தொடர்ந்தால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல், ஸ்டிக் இருந்த செய்தியைச் சொல்லியே உடனடியாக மருத்துவரைப் பாருங்கள்.